கைப்பிடி இல்லாத குக்கர்

பிப்ரவரி 9

பட்டதாரி அம்மாளுக்கு,

அக்கா எழுதுறேன். நான் போன் எடுக்கலைன்னு அத்தான்கிட்ட மூணு தடவை சொல்லி அனுப்பிட்ட. எடுக்க மாட்டேன். எடுத்தா நான் கத்துவேன், நீ மூக்கை உறிஞ்சுவ, கடைசியில நானே உன்னைச் சமாதானம் பண்ணி வெச்சுருவேன். கோபம் கோபமாவே போய்ச் சேரணும்னா காகிதம்தான் சரி. எட்டாவதோட நின்னவதான் நான். ஆனா என் கையெழுத்து உன்னுதைவிட நல்லா இருக்கும், அதை மறந்துறாத.

வியாழக்கிழமை மதியம் கேன்டீன்ல உக்காந்திருந்தோம். பக்கத்து மிஷின்ல காலர் தைக்கிறவ, அவளை நாங்க காலர்னுதான் கூப்பிடுவோம், பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்துல ஒரு தாள் கொடுத்தாங்கன்னு கொண்டு வந்தா. 'தாயும் குடும்பமும் நன்றாக உண்ண'ன்னு தலைப்பு. கீழ உங்க சுகாதார ஆபீஸ் பேர். "என் தங்கச்சி எழுதினதுடி"ன்னு சொல்லி, எட்டு பேருக்கு நடுவுல சத்தமா படிக்க ஆரம்பிச்சேன். எனக்கு எவ்வளவு பெருமைன்னு நினைக்கிற? காதுல போட்டிருந்த தோடு கூட ஆடுச்சு.

மூணாம் பக்கத்தைத் திருப்பினேன். 'இப்படிச் செய்யாதீர்கள்'. ஒரு பொம்பளை அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, பாத்திரத்தோட அடியைச் சுரண்டித் தின்னுக்கிட்டு இருக்கா. புருஷனும் பிள்ளையும் உக்காந்து முட்டை சாப்பிடுறாங்க. அவ நைட்டி தோள்ல கிழிஞ்சிருக்கு. அடுப்பு மேல குக்கர். கைப்பிடி உடைஞ்ச இடத்துல கம்பி சுத்தி, கம்பி மேல துணி சுத்தி. அதெல்லாத்துக்கும் மேல இந்த மூலைல இருந்து அந்த மூலை வரைக்கும் சிவப்பா ஒரு பெருக்கல் குறி.

"ஏன்டி நிறுத்திட்ட, படி"ன்னாங்க. எழுத்து பொடிசா இருக்குன்னு சொல்லி மடிச்சுட்டேன். சின்னவன் குண்டு பிறந்தப்ப காலர் வீட்டுக்கு வந்திருக்கா. என் குக்கரைப் பார்த்திருக்கா. அவ ஒரு வார்த்தை சொல்லல. அவ சொல்லாததுதான் எனக்குச் சுருக்குனு தச்சுச்சு.

என் மகளைக் காட்டி, 'வாலு சாப்பிடுறது அழகா இருக்குக்கா'ன்னு போன தடவை வந்தப்ப போட்டோ எடுத்தியே, அது இதுக்குத்தானா?

நான் நின்னுக்கிட்டுதான் சாப்பிடுறேன். சுரண்டித்தான் சாப்பிடுறேன். அம்மா மட்டும் எப்பவாவது உக்காந்து சாப்பிட்டு நீ பார்த்திருக்கியா? ஏன்னு நீ கேட்டியா? உன் கையில சிவப்புப் பேனா இருக்கு, என் கையில கரண்டி இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதாத. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. அந்தப் பெருக்கல் குறியை நீ யார் மேல போட்ட?

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அத்தான் விஷயத்தைச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் கிழித்துவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். படம் வரைகிறவர், "மாதிரிக்கு ஏதாவது போட்டோ இருந்தா கொடுங்க, இல்லாட்டி சினிமா சமையலறைதான் எனக்கு வரும்" என்றார். என் போனில் இருந்ததைக் காட்டினேன். குக்கர் வரைக்கும் அப்படியே வரைவார் என்று நினைக்கவில்லை. வந்த படத்தைப் பார்த்ததும் உன் குக்கர் என்று தெரிந்துவிட்டது. மாற்றச் சொல்லி அவரிடம் கேட்க வாய் வரவில்லை. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பெருக்கல் குறியை நான்தான் போட்டேன். அச்சகத்தில் நின்றுகொண்டு, ஒரு நிமிடத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அந்தத் தாளைப் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ தாய்மார்களுக்கு எழுதுகிறேன் என்றுதான் எழுதினேன். உனக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது, ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நீயும் ஒரு தாய் என்பது பேனாவைப் பிடித்திருந்தபோது ஞாபகத்தில் இல்லை. நீ எனக்கு அக்கா மட்டும்தான்.

குறியை யார் மேல் போட்டேன் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நீ திட்டினாலும் சரி, வந்தபோது பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் உதடும் நகக்கண்ணும் வெளுத்திருக்கின்றன. பருப்பு வேகும்போதே கீரையையும் அதில் போட்டுவிடு, தனி வேலை வேண்டாம். இறக்கியதும் எலுமிச்சை பிழி. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வாலுவுக்கு அந்தப் பாக்கெட் ஜூஸ் வேண்டாம், அது பழம் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். முன்பல் இரண்டும் கறுத்திருப்பதைப் பார்த்தேன். அப்புறம் நீ தண்ணீர் குடித்து நான் பார்க்கவே இல்லை. பால் கொடுக்கிறவள் ஒரு நாளைக்கு எட்டு தம்ளராவது குடிக்க வேண்டும்.

பதில் போடுவாயா?

தங்கை


பிப்ரவரி 23

ஊமைக்கோட்டானுக்கு,

'நீ எனக்கு அக்கா மட்டும்தான்'னு எழுதின வரியை நாலு தடவை படிச்சேன். கோபம் பாதி இறங்குச்சு. பாதிதான்.

பருப்புல கீரை போட்டேன். வாலு, "அம்மா, சோத்துல யாரு புல்லு போட்டது"ன்னா. ஆனா தின்னா. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருக்கேன். தலை வலிக்குது, உன்னை நினைச்சுத் திட்டிக்கிறேன். ஜூஸ் பாக்கெட் எதுக்குன்னா, அவ பள்ளிக்கூட வண்டியில அழாம ஏறுறதுக்கு நான் கொடுக்குற லஞ்சம். எனக்கு ஷிப்டு மணி அடிச்சுரும், அவ ஏற மாட்டா. இப்ப வாழைப்பழம் கொடுத்துப் பார்க்குறேன். பழத்தை வாங்கிக்கிட்டு அழுவுறா. அழுதாலும் ஏறிடுறா. பரவாயில்ல.

இப்ப அந்த எட்டு தம்ளருக்கு வா. குடிச்சிட்டு எங்க போறது?

எங்க லைன்ல நாங்க நாப்பது பேர். கக்கூஸ் போகணும்னா கட்டை எடுத்துட்டுப் போகணும். மரக்கட்டை, ஒரு சாண் நீளம், ரெண்டு விரல் தடிமன், சிவப்பு பெயின்ட்ல நம்பர். லைனுக்கு ரெண்டே கட்டை. சூப்பர்வைசர் மேசை பக்கத்துல கொக்கியில தொங்கும். முன்னாடி சின்ன பிளாஸ்டிக் வில்லை இருந்துச்சு, நாங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டு நைசா போயிடுவோம். இவன் வந்து ஆசாரியைக் கூப்பிட்டு இதைச் செய்ய வெச்சான். கையில தூக்கிட்டுப் போறது எல்லாருக்கும் தெரியணுமாம். எப்பவும் கழுத்துல விசில் தொங்கும், அதனால அவனுக்குப் பேரே விசில். போற நேரம், வர நேரம் ரெண்டையும் எழுதுவான். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல போனா, "என்னம்மா, வீட்ல குழாய் ரிப்பேரா"ன்னு மைக்ல கேப்பான்.

அதனால நாங்க குடிக்கிறது இல்ல. ஒருத்தரும். காலையில பாதி டீ, மதியம் சோத்துக்கு அரை தம்ளர். சாயங்காலம் கேட்டைத் தாண்டினதும் மாடு மாதிரி குழாய்ல வாய் வெச்சுக் குடிப்போம்.

எனக்கு நீர்க்கடுப்பு இந்த நாலு மாசத்துல மூணு தடவை வந்துடுச்சு. கடைசித் தடவை காய்ச்சலோட. நர்ஸம்மா சொன்னாங்க, இப்படியே அடக்கிக்கிட்டு இருந்தா சிறுநீரகத்துல கொண்டு போய் விட்டுரும்னு. வேலையை விட முடியாது, அது உனக்குத் தெரியும். கம்பெனி வாசல்ல குழந்தைங்க ரூம் இருக்கு, மதியம் ஓடிப்போய் குண்டுக்குப் பால் கொடுத்துட்டு வரேன். வேற எந்தக் கம்பெனியிலயும் அந்த ரூம் கிடையாது. நான் தண்ணி குடிக்கணும், இந்த வேலையிலயும் இருக்கணும். இதுக்கு உன் தாள்ல எந்தப் பக்கத்துல பதில் இருக்கு?

சோறு விஷயமும் சொல்லிடுறேன். அத்தான் கெட்டவர் இல்ல. "உனக்கு இருக்கா"ன்னு கேப்பார். "இருக்கு"ம்பேன். நம்பிடுவார். நம்புறது சுலபமா இருக்குல்ல.

ஆமா, நீ ஹாஸ்டல்ல என்ன சாப்பிடுற? உண்மையைச் சொல்லு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உண்மையைச் சொல்கிறேன். காலையில் டீயும் நாலு பிஸ்கட்டும். பல நாள் மதியமும் அதேதான். பதிவேட்டு அறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். சாப்பாட்டு அறையில் எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள், போய் உட்காரக் கூச்சம். ஊருக்கெல்லாம் உணவு சொல்லித்தருகிறவள் பிஸ்கட் தின்கிறாள். சிரித்துக்கொள்.

கட்டையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். தடுப்பூசிக்கு வந்த அம்மாக்களிடம், எப்போதும் சொல்கிற பாடத்தைச் சொல்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கடைசியா எப்போ உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" பதினொரு பேர் யோசித்தார்கள். ஒருத்தி, "பிரசவத்துக்குப் படுத்திருந்தப்போ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாவது ஆள் மீன் விற்கிற அம்மா. அவர் யோசிக்கவே இல்லை. "நான் தினமும் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அடுப்பை அணைச்சதும் முதல்ல என் பங்கை டிபன் பாக்ஸ்ல போட்டு மூடிருவேன். அப்புறம்தான் மத்தவங்களைக் கூப்பிடுறது. பாத்திரத்துல இருக்கிறதை எல்லாரும் கேப்பாங்க. மூடி போட்டதை எவனும் கேக்க மாட்டான்" என்றார். நாலு வருடம் படித்தும் இது எனக்குத் தெரியவில்லை, அக்கா. அப்படியே குறித்துக்கொண்டேன்.

தாளைத் திருத்தி எழுதிவிட்டேன். உன் படம் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டு அந்த அம்மாவின் டிபன் பாக்ஸைப் போட்டேன். தண்ணீர் பகுதியில் தம்ளர் கணக்கை அடித்துவிட்டு, 'தாகம் எடுக்கும்போது குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். வேலை இடத்தில் கழிப்பறைக்குப் போய்வர யாரும் தடை போடக் கூடாது' என்று எழுதினேன்.

கடைசி வரியை எங்கள் ஆபீஸ் தலைமை டாக்டரம்மா எடுத்துவிட்டார். "நீ எழுதினது சரிதான்மா. ஆனா இந்தத் தடவை அச்சடிச்சுக் கொடுக்கிறது ஒரு தையல் கம்பெனி. அவங்க வாசல்ல நின்னுக்கிட்டு அவங்களையே குத்திக் காட்ட முடியுமா?" என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். உன் கம்பெனி.

இதற்கு மேலும் இருக்கிறது. இருபத்தாறாம் தேதி அங்கே நிகழ்ச்சி. புதுத் தாளைக் கொடுத்து, கேன்டீனில் முந்நூறு பெண்களுக்கு முன்னால் பேச வேண்டும். பேசப் போவது நான். டாக்டரம்மா என் பெயரை எழுதும்போது நான் 'முடியாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'சரி மேடம்' என்று வந்துவிட்டது.

தங்கை


மார்ச் 8

ஊமைக்கோட்டானுக்கு,

வராத.

வந்து மேடையில நின்னு, "தாய்மார்களே, நிறைய தண்ணீர் குடியுங்கள்"னு சொல்லுவ. நாப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. விசில் கையைத் தட்டுவான். அதை நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

டிபன் பாக்ஸ் வேலை செய்யுது. முதல் நாள் அத்தான் மூடியைத் திறந்து பார்த்துட்டு, "இது யாருக்கு, விருந்தாளி வராங்களா"ன்னார். "நான்தான் விருந்தாளி"ன்னேன். மறுநாள் அவரே ஒரு முட்டையை உரிச்சு பாக்ஸ்ல வெச்சு மூடி வெச்சிருந்தார். உன் மீன்காரம்மாவுக்கு ஒரு கும்பிடு.

நீயும் ஒரு டப்பா வாங்கு. வறுத்த கடலை, ஒரு பழம், அவிச்ச முட்டை. கூச்சமா இருந்தா அலமாரிக்குப் பின்னாடியே சாப்பிடு. ஆனா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து சாப்பிடு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

வரவில்லை என்று சொல்லப் போனேன். டாக்டரம்மா அறை வாசலில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போனதும், "என்னம்மா?" என்றார். "தண்ணி வேணுமா மேடம்?" என்று கேட்டு, ஒரு தம்ளர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதுதான் நான்.

வந்தே ஆக வேண்டும். அந்த வரி இல்லாத தாளோடு. என்ன செய்யட்டும், சொல்.

தங்கை


மார்ச் 18

அடியே,

நாலாவது தடவை வந்துடுச்சு. இந்தத் தடவை இடுப்புல வலி. குளிர் நடுக்கம். ரெண்டு நாள் லீவு போட்டு, மாத்திரை சாப்பிட்டு, குண்டைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். நர்ஸம்மா இந்தத் தடவை திட்டல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அஞ்சாவது வேண்டாம்மா"ன்னாங்க. அதுக்குத் திட்டே பரவாயில்ல.

படுத்துக்கிட்டு யோசிச்சேன். நீ வா.

உனக்குப் பேச வராது. அதனால பேசாத. டாக்டரம்மாவுக்குத் தண்ணி கொண்டுபோய் வெச்சேன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சு வலியோட வலியா சிரிச்சேன், அப்பத்தான் தோணுச்சு. கம்பெனிக்கு நிகழ்ச்சி ஏற்பாடு பத்தி லெட்டர் போடுவீங்கல்ல, அதுல 'ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் தேவை, செயல்முறை விளக்கத்துக்கு'ன்னு எழுது. மேனேஜர் வாங்கி வெப்பார், போட்டோகிராபர் வராருன்னா எல்லாம் செய்வார். நீ மேடையில ஏறு. பாட்டிலைத் திற. குடி. அப்புறம் எங்களைப் பார்த்து "குடிங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரு வார்த்தை உன் வாயில வராதா?

மத்ததை நான் பார்த்துக்குறேன்.

வேலை போனா போகுது. இப்படியே போனா வேலை இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

அக்கா

பின்குறிப்பு: என் பக்கம் பார்க்காத. பார்த்தா நீ அழுவ.


ஏப்ரல் 1

அக்கா,

நிகழ்ச்சி முடிந்ததும் எங்களை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு உங்கள் லைனில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அத்தான் போனில், "உங்க அக்கா வீட்ல இருக்கா, பாட்டு கேட்டுட்டு இருக்கா" என்று மட்டும் சொன்னார். எழுது, சீக்கிரம்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். திட்டமிட்டுப் பேசாமல் நின்றேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. "குடிங்க" என்ற ஒரு வார்த்தையும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைத் திறந்து குடித்தேன், உண்மையிலேயே தாகம். முந்நூறு பேரும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. நான் இன்னொரு வாய் குடித்தேன். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "என்னம்மா எல்லாரும் வெட்கப்படுறீங்க? குடிங்க! உடம்புக்கு நல்லது! முழு பாட்டிலும் குடிக்கணும்!" என்றார்.

நீ பார்க்காதே என்றாய். பார்த்தேன். நீதான் முதலில் மூடியைத் திருகினாய்.

இன்னொன்று உனக்குச் சொல்லாமல் செய்தேன். அந்த வரி இல்லாமல் தாளைக் கொடுக்க மனம் வரவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, முந்நூறு தாளிலும் கையால் எழுதினேன். 'கழிப்பறைக்குப் போய்வர யாரும் தடை போடக் கூடாது.' சிவப்புப் பேனா. உன் குக்கர் மேல் குறி போட்டேனே, அதே பேனா. இருநூற்றுப் பதினாறாவது தாளில் மை தீர்ந்துவிட்டது, மிச்சத்தை நீலத்தில் எழுதினேன்.

டாக்டரம்மா அடுத்த நாள் கூப்பிட்டார். கம்பெனி இனி அச்சடித்துத் தராது என்றார். என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார். "இந்தக் கையெழுத்து உன்னுதா?" என்றார். "ஆமாம் மேடம்" என்றேன். அக்கா, குரல் நடுங்கவில்லை. "கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கத்தில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

அச்சு இல்லாவிட்டால் என்ன, ஆபீஸில் நகல் எடுக்கிற மிஷின் இருக்கிறது. கறுப்பு வெள்ளைதான். சிவப்பு வேண்டிய இடத்தில் கையால் போட்டுக்கொள்வேன். உன் சமையலறையை மறுபடி வரையச் சொல்லப் போகிறேன், நீ சம்மதித்தால். நீ உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிற மாதிரி. குக்கர் அப்படியே இருக்கட்டும், கம்பியோடு, துணியோடு. அதன் மேல் ஒரு குறியும் கிடையாது. பிப்ரவரியில் கேட்டாயே, இப்போது பதில் தெரியும். உன் மேல்தான் போட்டிருந்தேன். போட வேண்டிய இடம் அது இல்லை. இந்தத் தடவை பெருக்கல் குறியைக் கட்டை மேல் போடப் போகிறேன். ஒரு கட்டை எப்படி இருக்கும் என்று வரைந்து அனுப்பு.

உடம்பு எப்படி இருக்கிறது? தண்ணீர் குடிக்கிறாயா?

தங்கை

பின்குறிப்பு: ஸ்டூல் வாங்கிவிட்டேன். நேற்று பதிவேட்டு அறையில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டேன். அக்கவுன்ட்ஸ் பிரிவு அக்கா ஒருத்தர் எட்டிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் கொடு" என்றார். கொடுத்தேன்.


ஏப்ரல் 7

என் பேசாமடந்தைக்கு,

நாக்கு ஒட்டிக்கிச்சா? நான் நீ பெரிய நடிகைன்னு காலர்கிட்ட பெருமை அடிச்சு வெச்சிருக்கேன். இந்த விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்.

கேட்டுக்கோ. நிகழ்ச்சி முடிஞ்சு லைனுக்குப் போனோம். முக்கால் மணி நேரம் ஆச்சு. நாப்பது பேரும் காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்க முடியல, பார்த்தா சிரிப்பு வந்துரும், சிரிச்சா வேற ஆபத்து. நான் எழுந்தேன். முதல் கட்டையோட ஒருத்தி அப்பத்தான் போயிருந்தா. கொக்கியில தொங்கின ரெண்டாம் நம்பரை எடுத்தேன். காலர் எழுந்தா. அவளுக்குப் பின்னாடி பட்டன் போடுறவ. அப்புறம் மிஷின் ஒவ்வொண்ணா நிக்கிற சத்தம். அந்த ஹால்ல வேலை நேரத்துல அப்படி ஒரு நிசப்தம் நான் கேட்டதே இல்ல.

விசில் ஊதினான். "ஒருத்தர்தான் போகணும்! மத்தவங்க உக்காருங்க! கட்டை ஒண்ணுதான் இருக்கு!"

"ஒரே கட்டையில நாப்பது பேர் போறோம் சார்"னேன்.

"யாரு குடிக்கச் சொன்னது?"

"மேனேஜர் சார். மைக்ல. போட்டோ கூட எடுத்தாங்க."

மறுபடி ஊத வாயில வெச்ச விசில் கீழ விழுந்து கயித்துல தொங்குச்சு. கக்கூஸ் வாசல்ல இருந்து அயர்ன் டேபிள் வரைக்கும் வரிசை. ஒருத்தியும் அவசரப்படல. உன் தாளை விசிறி மாதிரி வெச்சு வீசிக்கிட்டு நின்னாங்க, உன் சிவப்பு எழுத்து வெளிய தெரியுற மாதிரி. எனக்கு நீல எழுத்து வந்துச்சு. என்னடா இது வேறன்னு நினைச்சேன், மை தீர்ந்த கதை இப்பத்தான் தெரியுது.

ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. நாலு நாள் வீட்ல இருன்னாங்க. போறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுன்னு காகிதம் கொடுத்தாங்க. எழுதினேன். 'மேனேஜர் அவர்கள் சொன்னபடி தண்ணீர் குடித்தேன். இனிமேலும் குடிப்பேன்.' என் கையெழுத்தை நானே ஒரு நிமிஷம் பார்த்துக்கிட்டு நின்னேன், அவ்வளவு அழகு. நீ கொடுக்கப் போற விளக்கத்துக்கும் வேணும்னா இதையே எடுத்துக்கோ.

கேட்டைத் தாண்டின பிறகுதான் பார்த்தேன், ரெண்டாம் நம்பர் கட்டை என் பைக்குள்ள இருக்கு. திருடல. திருப்பிக் கொடுக்கல, அவ்வளவுதான்.

வீட்ல இருந்த நாலு நாளும் ரேடியோ போட்டுக்கிட்டு, சொம்புல தண்ணி வெச்சுக்கிட்டு, குண்டுக்குப் பால் கொடுத்தேன். இடுப்பு வலி போயிடுச்சு. நர்ஸம்மா பரிசோதனை பண்ணிட்டு, சுத்தமா இருக்குன்னாங்க. குண்டு பருப்பும் கீரையும் மசிச்சதை மூக்குல பூசிக்கிட்டு மிச்சத்தைத் தின்னுறான்.

திரும்பிப் போனா நாப்பது மிஷின் மேலயும் நாப்பது பாட்டில். நான் இல்லாதப்ப ஒருத்தியும் மிச்சம் இருந்த அந்த ஒத்தைக் கட்டையைத் தொடலையாம். தொடாமலே போய்ட்டு வந்திருக்காங்க. ரெண்டு நாள் விசில் ஊதி ஊதிப் பார்த்துட்டு, மூணாம் நாள் கொக்கியைக் கழட்டிட்டாங்க. 'மறு அறிவிப்பு வரும் வரை'ன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மறு அறிவிப்பு வரும், எனக்குத் தெரியும். அப்ப நாங்களும் மறுபடி பாட்டிலைத் திறப்போம்.

இப்ப உன் படத்துக்கு வா. வரையச் சொல்லு, எனக்குச் சம்மதம். நைட்டியைத் தச்சுட்டேன், கிழிசல் போடாதன்னு சொல்லு. ஆனா கட்டை மேல மட்டும் குறி போட்டுராத. அந்தக் கட்டையில அத்தான் துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, என் குக்கருக்குக் கைப்பிடி பண்ணிக் கொடுத்துட்டார். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. சிவப்புல ரெண்டுன்னு நம்பர் அப்படியே தெரியுது, நான்தான் அதைச் சுரண்ட வேண்டாம்னேன். நீ கட்டை மேல பெருக்கல் குறி போட்டா மறுபடியும் என் குக்கர் மேலதான் போட்ட மாதிரி ஆகும். அப்புறம் நான் மறுபடியும் லெட்டர் எழுதணும்.

காலர் வந்து பார்த்துட்டு, "ஏன்டி, அவங்க புதுசா கட்டை செஞ்சுட்டா என்னடி பண்ணுவ"ன்னா.

கட்டில் கால் ஒண்ணு ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருக்கு. செய்யட்டும்.

அக்கா